மடல் அனுப்பும் கட்டளைகளுக்கு ஓர் இலக்கணம்



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். இலக்கணம் கற்பித்த பழக்கம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை. எதைக் கண்டாலும், ‘இதற்கு விதி யாது? இவ்விதி எங்கும் ஒன்றாகச் செல்லுமா? விலக்கு உண்டெனில் அது சொல்லப்பட்டிருக்கிறதா?’ என்று கேட்கத் தோன்றுகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது கணினியிலிருந்து கட்டளை வரியின் வழியே மின்னஞ்சல் அனுப்பும் கருவிகளைப் பற்றியும், அவற்றின் அமைவுகளை எழுதுவதற்கு அறிஞர்கள் வகுத்த இலக்கணங்களின் வரலாற்றைப் பற்றியும் ஆகும். இப்பொருளில் எனக்கு அக்கறை பிறந்த வரலாற்றை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் அறுபத்தொருவர் சேர்ந்து ஒரு சிறு குழுவாக இயங்கி வருகிறோம். ஆண்டுதோறும் ஓய்வூதியர் நேர்காணலுக்கு உரிய படிவத்தை அவரவர் பெயரும் எண்ணும் நிரப்பி, அவரவர்க்குத் தனித்தனியே மின்னஞ்சலில் அனுப்பி வைப்பது என் பொறுப்பு. அறுபத்தொரு மடல்களைக் கையால் அனுப்புவது தொல்லை என்று, என்னிடம் படித்த மாணவன் ஒருவன் கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தான். அதனை ஏவினால் போதும். கணினி ஒவ்வொருவர் பெயராக எடுத்து, உரிய படிவத்தை இணைத்து, மடலை அனுப்பிவிடும். மூன்றாண்டுகள் அது பழுதின்றி நடந்தது. நான்காம் ஆண்டு பழைய கணினி பழுதுறவே, வேறொரு கணினியில் அதே கோப்பை வைத்து ஏவினேன். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. வேலை முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

பத்து நாள் கழித்து, எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், எனக்கு மூத்த ஆசிரியை, இரண்டு பேருந்து மாறி என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். “தம்பி, படிவம் இணைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய், படிவத்தைக் காணவில்லையே! எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ என்று கேட்க வந்தேன்” என்றார். அவருக்குப் பார்க்கத் தெரிந்துதான் இருந்தது. அறுபத்தொரு மடல்களிலும் படிவம் இல்லை. மற்றவர்களும் தங்கள் அறியாமை என்றே எண்ணி வாளாவிருந்திருக்கிறார்கள். காரணம் யாதென ஆராய்ந்தபோது, ஒரே ஓர் எழுத்து என்று தெரிந்தது. பழைய கணினியில் ‘கோப்பை இணை’ என்று பொருள்பட்ட எழுத்து, புதிய கணினியில் ‘தலைப்பு வரி ஒன்றைச் சேர்’ என்று பொருள்பட்டது. எழுத்து ஒன்று, பொருள் வேறு. அவ்வம்மையாரின் கால்வலிக்குப் பின்னால் ஐம்பதாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் இப்போது காண்போம்.

கணினிகளுக்கிடையே வலைப்பின்னல் வழியாக முதல் மடலை 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்பவர் அனுப்பினார். பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க, ‘அட்’ என்று நாம் இன்று வழங்கும் குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அதே ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாகி வந்த யூனிக்ஸ் இயக்க முறைமையின் முதற் பதிப்பிலேயே ‘மெயில்’ என்னும் கட்டளை இடம்பெற்றிருந்தது. ஒரே கணினியைப் பயன்படுத்துவோர் தமக்குள் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ள உதவிய எளிய கட்டளை அது. 1978ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கர்ட் ஷோன்ஸ் என்பவர் அதனினும் விரிவான ‘மெயில்’ நிரலை எழுதினார். பயனர் தம் விருப்பங்களை ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம் என்னும் வழக்கத்தை அந்நிரல் கொண்டிருந்தது. ‘இன்ன பெயருக்கு இன்ன மதிப்பு’ என்றும், ‘இன்ன சுருக்கப் பெயர் இன்ன முகவரிகளைக் குறிக்கும்’ என்றும் வரிவரியாக எழுதலாம். படிப்பவருக்கு விளங்கும் நடை அது.

ஆயின் மடலை எழுதுவது வேறு. கொண்டு சேர்ப்பது வேறு. அஞ்சலகத்தில் அட்டை விற்பவர் ஒருவர், பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாய்ச் செல்பவர் வேறொருவர் அல்லரோ? கொண்டு சேர்க்கும் பணியில்தான் சிக்கல் எழுந்தது. அக்காலத்தில் பெர்க்லியில் மூன்று வலைப்பின்னல்கள் வந்து கூடின. ஒன்றில் முகவரிக்கு இடையே ‘அட்’ குறி, இன்னொன்றில் வியப்புக் குறி, மற்றொன்றில் முக்காற்புள்ளி. ஒரு வலையிலிருந்து மறு வலைக்கு மடல் செல்ல வேண்டுமானால், முகவரியை ஓர் இலக்கணத்திலிருந்து மற்றோர் இலக்கணத்துக்கு மாற்ற வேண்டும். இதற்காக எரிக் ஆல்மன் என்பவர் 1979ஆம் ஆண்டில் ‘டெலிவர்மெயில்’ என்னும் நிரலை எழுதினார். அதன் குறை என்னவெனில், விதிகள் யாவும் நிரலுக்குள்ளேயே பொதிந்து கிடந்தன. ஒரு விதியை மாற்ற வேண்டுமானாலும் நிரலையே மீண்டும் தொகுத்து உருவாக்க வேண்டும். கால அட்டவணையில் ஒரு பாடவேளையை மாற்றுவதற்காகப் பள்ளிக் கட்டடத்தையே இடித்துக் கட்டுவது போன்றது அது.

அக்குறையை நீக்க ஆல்மன் எழுதியதே ‘செண்ட்மெயில்’. 1983ஆம் ஆண்டில் பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்போடு அது உலகுக்கு வந்தது. அதற்கு முன் ஆண்டில், அதாவது 1982 ஆகஸ்டில், ஜான் போஸ்டல் எழுதிய 821ஆம் எண் ஆவணமும், டேவிட் கிராக்கர் எழுதிய 822ஆம் எண் ஆவணமும் வெளியாகி, மடலைக் கொண்டு செல்லும் முறையையும் மடலின் வடிவத்தையும் வரையறுத்தன. இவ்விரண்டும் உறையையும் மடலையும் வேறு பிரித்து வைத்தன என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். உறைமேல் எழுதிய பெயர் ஒன்றாகவும், மடலுக்குள் எழுதிய பெயர் வேறாகவும் இருக்கலாம். இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

செண்ட்மெயிலில் விதிகள் நிரலுக்கு வெளியே ஓர் அமைவுக் கோப்புக்கு வந்தன. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கோப்பின் இலக்கணம் எத்தகையது? ஒவ்வொரு வரியின் முதலெழுத்தும் ஒரு கட்டளை. ‘டி’ என்றால் ஒரு பெயருக்கு மதிப்பு வைத்தல். ‘எம்’ என்றால் மடல் கடத்தும் கருவியை வரையறுத்தல். ‘ஆர்’ என்றால் முகவரியை மாற்றி எழுதும் விதி. ‘ஓ’ என்றால் ஒரு விருப்பம். அவ்விருப்பத்தின் பெயரும் ஓரெழுத்தே. ‘ஓ’வை அடுத்துப் பெரிய ‘க்யூ’ வந்தால் காத்திருக்கும் மடல்களை வைக்கும் இடம் என்று பொருள். விதிகளுக்குள்ளே, டாலர் குறியும் கூட்டற்குறியும் சேர்ந்தால் ஒன்றோ பலவோ ஆன சொற்கள். டாலர் குறியும் உடுக்குறியும் சேர்ந்தால் ஒன்றுமில்லாமையும் அடங்கும். விதியின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிரிப்பது ‘டேப்’ விசையால் இடும் இடைவெளி. சாதாரண இடைவெளியை எத்தனை முறை இட்டாலும் அது டேப் ஆகாது. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றே! பிற்காலத்தில் தம் படைப்பைத் திரும்பிப் பார்த்து எழுதிய கட்டுரையில், டேப்பை இவ்வாறு பயன்படுத்தியது தவறு என்று ஆல்மன் தாமே ஒப்புக்கொண்டார்.

இதைக் கேட்டவுடன் அவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் வரலாறு கற்பவன் காலத்தையும் கருத வேண்டும். அந்நாளைய பி.டி.பி. 11 கணினியில் நினைவகம் மிகச் சிறியது. மடல் அனுப்ப நிரல் தொடங்கும்போதெல்லாம் அமைவுக் கோப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். ஆகவே மனிதன் படிப்பதற்கு எளிதாயிருப்பதைவிட, கணினி படிப்பதற்கு எளிதாயிருப்பதே அன்று முதன்மை பெற்றது. சிக்கனத்தில் பிறந்த ஓரெழுத்து வழக்கம், சிக்கனம் தேவைப்படாத காலத்திலும் நிலைத்துவிட்டது என்பதே துன்பம். 1993ஆம் ஆண்டில் இந்நிரலை விளக்க பிரையன் காஸ்டேல்ஸ் எழுதிய நூல், அடுத்தடுத்த பதிப்புகளில் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. ஒரு பாடத்துக்கு உரைநூல் அவ்வளவு பருமனானால், குறை மாணவனிடமா, பாடத்திலா? 1995ஆம் ஆண்டில் வந்த 8.7 பதிப்பில் விருப்பங்களுக்கு முழுப் பெயர் எழுதலாம் என்று ஆக்கினார்கள். அதன்பின் ‘க்யூ’ என்னும் எழுத்து நின்ற இடத்தில் வரிசை அடைவு என்று பொருள்படும் முழுச்சொல் நின்றது. பழைய ஓரெழுத்து வடிவமும் செல்லுபடியாயிற்று.

பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எண்ணிக் காட்டியிருக்கிறார். அவற்றுள் குன்றக் கூறல் என்பது ஒன்று. சொல்ல வேண்டிய அளவுக்குக் குறைவாகச் சொல்லிப் பொருள் விளங்காமல் விடுதல் அது. அமைவுக் கோப்பும் ஒரு நூல்தானே! பழைய செண்ட்மெயில் கோப்பின் குற்றம் குன்றக் கூறலே என்று நான் எண்ணுகிறேன்.

இனி ஒரு வியப்பைச் சொல்லுகிறேன். அமைவுக் கோப்பு இவ்வளவு கடினமாயிருந்தும், செண்ட்மெயில் என்னும் கட்டளையை ஏவும் முறை மட்டும் எளிமையாக அமைந்துவிட்டது. பிற நிரல்கள் அதனை அழைத்து, மடலை அதன் வாயில் ஊற்றினால் போதும். சிறு கோட்டோடு ‘டி’ என்று எழுதினால், பெறுநர் யாவர் என்பதை மடலின் தலைப்பு வரிகளிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும். ‘எஃப்’ என்று எழுதி ஒரு முகவரி தந்தால், அதுவே உறைமேல் அனுப்புநர் பெயராகும். ‘ஐ’ என்று எழுதினால், ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள வரியைக் கண்டு மடல் முடிந்தது என்று கருதாது. இந்த மூன்றாவது குறியை மறந்தால், நடுவில் தனிப்புள்ளி உள்ள மடல் பாதியிலேயே அறுந்துபோகும்.

இக்கட்டளையை எண்ணற்ற நிரல்கள் நம்பத் தொடங்கின. ஆகவே பின்வந்தோர் செண்ட்மெயிலுக்கு மாற்றாகப் புதிய நிரல்களைப் படைத்தபோது, உள்ளே அனைத்தையும் மாற்றினாலும் வாயிலை மட்டும் மாற்றவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995இல் ‘எக்ஸிம்’ நிரலைத் தொடங்கினார். டேனியல் பெர்ன்ஸ்டைன் ‘க்யூமெயில்’ நிரலின் முதல் முழுப் பதிப்பை 1997இல் வெளியிட்டார். ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணிபுரிந்த வீட்சே வெனெமா ‘போஸ்ட்ஃபிக்ஸ்’ நிரலை 1998இல் வெளியிட்டார். இம்மூன்றும் செண்ட்மெயில் என்னும் அதே பெயரில் ஒரு கட்டளையையும், அதே குறியெழுத்துக்களையும் தந்தன. கடை கைம்மாறினாலும் பெயர்ப் பலகையை மாற்றாமல் வைத்திருக்கும் வணிகரைப் போல அவர்கள் நடந்துகொண்டார்கள். அதனால் பழைய வாடிக்கையாளர் எவரும் வழி தவறவில்லை.

ஆனால் அமைவு எழுதுவதில் ஒவ்வொருவரும் ஒரு நெறி கண்டனர். பெர்ன்ஸ்டைனின் நெறி புதுமையானது. கணினி பகுத்துப் பொருள் காண வேண்டிய வடிவங்களை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே அவர் ஒரு செய்திக்கு ஒரு கோப்பு என்று வைத்தார். கணினியின் பெயர் ஒரு கோப்பில். ஏற்கத்தக்க களங்களின் பட்டியல் ஒரு கோப்பில். வழிகள் ஒரு கோப்பில். இலக்கணமே வேண்டாம் என்று இலக்கணப் பிழையை ஒழித்த முறை இது! வெனெமாவின் நெறி வேறு. ஒரு பெயர், நடுவே சமக்குறி, அதன்பின் மதிப்பு. வரி நீண்டால் அடுத்த வரியை இடைவெளியோடு தொடங்கலாம். எழுதாமல் விட்டவற்றுக்கு இயல்பான மதிப்பு உண்டு. எவற்றை நாம் மாற்றியிருக்கிறோம் என்பதை மட்டும் காட்டுவதற்குத் தனிக் கட்டளை ஒன்றும் உண்டு. பள்ளி ஆய்வுக்கு வரும் அலுவலர் பதிவேடு முழுவதையும் புரட்டாமல் திருத்தங்களை மட்டும் பார்ப்பது போன்ற வசதி அது. பயின்று பார்த்ததில் இதுவே சாதாரண மனிதனுக்கு ஏற்ற நடை என்று எனக்குத் தோன்றிற்று.

இதுவரை சொன்னவை பெரிய வழங்கிகளுக்கு உரியவை. இனி நம் போன்றோரின் சிறு கருவிகளுக்கு வருவோம். வீட்டுக் கணினியில் முழு அஞ்சலகத்தை நிறுவ வேண்டியதில்லை. மடலை வாங்கி, ஒரு பெரிய வழங்கியிடம் ஒப்படைத்தால் போதும். 1998 டிசம்பரில், மடலை ஒப்படைப்பதற்கென்றே 587 என்னும் துறை எண் தனியாக வகுக்கப்பட்டது. 1999இல், பாதியில் மறைகுறியாக்கத்தைத் தொடங்கும் முறையும், கடவுச்சொல் காட்டி நுழையும் முறையும் ஆவணங்களாயின. இவற்றால் சிறு கருவிகள் ஒவ்வொன்றுக்கும் சில செய்திகளைச் சொல்ல வேண்டிய தேவை உண்டாயிற்று. வழங்கியின் பெயர் யாது, துறை எண் யாது, பயனர் யார், கடவுச்சொல் என்ன, மறைகுறியாக்கம் உண்டா என்பன அவை. ஆக ஐந்தே கேள்விகள்.

ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுவதில் எத்தனை வேறுபாடு வரலாம் என்று நினைக்கிறீர்கள்? வழங்கியின் பெயர் என்னும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ‘எஸ்.எஸ்.எம்.டி.பி.’ என்னும் கருவி அதனை ‘மெயில்ஹப்’ என்கிறது. ‘எம்.எஸ்.எம்.டி.பி.’ என்னும் கருவி ‘ஹோஸ்ட்’ என்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் ‘ரிலேஹோஸ்ட்’ என்கிறது. நிரலர் பயன்படுத்தும் ‘கிட்’ தொகுப்பின் மடற்பகுதி ‘எஸ்.எம்.டி.பி. சர்வர்’ என்கிறது. ஒன்றில் சமக்குறி இட வேண்டும். இன்னொன்றில் இடைவெளி போதும். ஒரே மாணவனை நான்கு ஆசிரியர்கள் நான்கு பெயரால் அழைத்தால், வருகைப் பதிவேட்டில் அவன் நான்கு நாளும் வராதவன் ஆவான்.

பெயர் வேறுபாடாவது பிழைச் செய்தியோடு முடியும். மறைகுறியாக்கத்தில் நேரும் வேறுபாடோ தீங்கு விளைப்பது. மறைகுறியாக்கம் தொடங்க இரு வழிகள் உண்டு. முதற்சொல்லிலிருந்தே மறைத்துப் பேசுவது ஒரு வழி. வெளிப்படையாகத் தொடங்கி, இருவரும் இசைந்தபின் மறைத்துப் பேசுவது மற்றொரு வழி. கிட் தொகுப்பில் முன்னதற்கு ‘எஸ்.எஸ்.எல்.’ என்றும் பின்னதற்கு ‘டி.எல்.எஸ்.’ என்றும் பெயர். எம்.எஸ்.எம்.டி.பி. கருவியிலோ ‘டி.எல்.எஸ்.’ என்பது மறைகுறியாக்கம் வேண்டும் என்பதை மட்டுமே குறிக்கும். இரு வழிகளுள் எது என்பதை மற்றொரு வரி சொல்லும். ஓரிடத்தில் வழியின் பெயர், ஓரிடத்தில் வகையின் பெயர். இது மயங்க வைத்தல் என்னும் குற்றம்.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. ‘முடிந்தால் மறை’ என்பதற்கும் ‘மறைத்தே தீர வேண்டும்’ என்பதற்கும் இடையே உள்ள வேற்றுமை அது. வழங்கி மறைகுறியாக்கம் தரவில்லை எனில், முன்னது வெளிப்படையாகவே மடலை ஒப்படைத்துவிடும். பின்னது மறுத்து நின்றுவிடும். போஸ்ட்ஃபிக்ஸில் இவ்விரண்டும் ‘மே’, ‘என்க்ரிப்ட்’ என்னும் இரு சொற்கள். ‘கர்ல்’ என்னும் கருவியில் ‘எஸ்.எஸ்.எல்.’ என்று மட்டும் எழுதினால் முன்னது. அதனோடு ‘கட்டாயம்’ என்று பொருள்படும் ஒரு சிற்றொட்டைச் சேர்த்தால் பின்னது. ஒட்டு ஒன்று விடுபட்டால் கடவுச்சொல் தெருவில் போகலாம். வினைமுற்றில் ‘செய்யலாம்’ என்பதும் ‘செய்ய வேண்டும்’ என்பதும் ஒன்றல்ல என்று ஆறாம் வகுப்பிலேயே நாம் கற்பிக்கிறோம். பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஒன்றும் எழுதாவிட்டால் ‘வேண்டும்’ என்று கொள்வதே நல்ல இலக்கணம்.

எழுதாமல் விட்டதற்கு என்ன பொருள் என்பது சிறு கேள்வி அன்று. 1988 நவம்பர் 2ஆம் நாள் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு, செண்ட்மெயிலில் பிழை காண்பதற்கென வைத்த வசதி பல கணினிகளில் அடைக்கப்படாமல் விடப்பட்டதையும் ஒரு வழியாகக் கொண்டே உள்ளே நுழைந்தது. 1990களில், யார் கொடுத்த மடலையும் யாருக்கும் கடத்துவதே வழங்கிகளின் இயல்பாயிருந்தது. வேண்டாத விளம்பர மடல் அனுப்புவோர் அதனைப் பயன்படுத்திக்கொண்டனர். 1998இல் வந்த செண்ட்மெயில் 8.9 பதிப்புதான், அனுமதி எழுதினாலன்றிக் கடத்தேன் என்று இயல்பை மாற்றிற்று. கதவைத் திறக்க ஆணை வேண்டும். மூடியிருக்க ஆணை வேண்டியதில்லை என்பது காலங்கடந்து கற்ற பாடம்.

இப்போது என் சொந்த வழக்குக்குத் திரும்புகிறேன். செண்ட்மெயில் கட்டளையில் ‘எஃப்’ என்பது அனுப்புநரைக் குறிக்கும் என்றேன். பெர்க்லி மெயில் மரபில் அதே ‘எஃப்’ என்பது ‘இக்கோப்பிலுள்ள மடல்களைப் படி’ என்று பொருள்படும். மடலுலகில் மிகப் பழைய இரு கட்டளைகளே இவ்வாறு முரண்பட்டு நின்றன. எனவே மெயில் கட்டளையின் சில வழித்தோன்றல்கள் அனுப்புநரைக் குறிக்க ‘ஆர்’ என்னும் எழுத்தைத் தேட வேண்டியதாயிற்று.

‘ஏ’ என்னும் எழுத்தின் கதை இன்னும் வேறு. யூனிக்ஸ் கட்டளைகளை ஒழுங்குபடுத்திய ‘போசிக்ஸ்’ தரத்தின் கட்டளைப் பகுதி 1992இல் வெளியாயிற்று. மெயிலெக்ஸ் கட்டளையும் அதில் இடம்பெற்றது. மடலோடு படமும் கோப்பும் இணைக்கும் ‘மைம்’ முறையும் அதே 1992இல்தான் ஆவணமாயிற்று. ஆகவே தரத்தில் இணைப்புக்கு ஓர் எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. தரம் வாய் திறக்காத இடத்தில் அவரவர் வேண்டியதை வைத்துக்கொண்டனர். ‘ஹெர்லூம்’ வழியில் வந்த மெயிலெக்ஸில் சிறிய ‘ஏ’ என்பது கோப்பை இணைக்கும். டெபியன் வழங்கும் பெர்க்லி மெயிலெக்ஸில் அதே சிறிய ‘ஏ’ தலைப்பு வரியைச் சேர்க்கும். குனு தொகுப்பில் சிறிய ‘ஏ’ தலைப்பு வரிக்கு. பெரிய ‘ஏ’ இணைப்புக்கு. மூன்றுக்கும் கட்டளையின் பெயர் மட்டும் ஒன்றே. இதனை நன்னூலார் மாறுகொளக் கூறல் என்பார். என் படிவங்களின் கோப்புப் பெயர், தலைப்பு வரிகளுக்கிடையே பொருளற்ற ஒரு வரியாகப் புகுந்து, அறுபத்தொரு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. கருவி பிழை என்று சொல்லவில்லை. ஏனெனில் அதன் இலக்கணப்படி நான் எழுதியது பிழையன்று!

இக்குழப்பத்திடையே நன்னெறி காட்டிய கருவிகளும் உண்டு. ஜான் ஜெட்மோர் எழுதிய ‘ஸ்வாக்ஸ்’ என்னும் சோதனைக் கருவியை எடுத்துக்காட்டாகச் சொல்லுவேன். அதில் ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு முழுப் பெயர் உண்டு. அப்பெயரைக் கட்டளை வரியில் எழுதலாம். சூழல் மாறியாகவும் வைக்கலாம். அமைவுக் கோப்பிலும் எழுதலாம். இடம் மூன்று, பெயர் ஒன்று. மூன்றும் வேறுபட்டால், கோப்பைச் சூழல் மாறி வெல்லும். அதனைக் கட்டளை வரி வெல்லும். பொதுவிதியைச் சிறப்புவிதி வெல்லும் என்று நாம் படித்த முறையேதான் இது. ஒருமுறை கற்றவன் மூன்றிடத்தும் பிழையின்றி எழுதுவான்.

இவ்வரலாற்றிலிருந்து சில விதிகளை நான் தொகுத்துக்கொண்டேன். ஒரு பொருளுக்கு ஒரு பெயர். அப்பெயர் எங்கும் மாறலாகாது. ஓரெழுத்து விரைவுக்கு, முழுச்சொல் நினைவுக்கு, கோப்பில் எழுதுவதெல்லாம் முழுச்சொல்லாகவே இருத்தல் நன்று. கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டில் பொருளை வைக்கலாகாது. எழுதாமல் விட்டதற்குக் காவலான பொருளே கொள்ள வேண்டும். தெரியாத சொல்லைக் கண்டால் கருவி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வழக்கில் ஊன்றிவிட்ட பழைய வாயிலைப் புதுமைக்காக மூடலாகாது. இவற்றுள் கடைசி விதி மற்றவற்றோடு முட்டும் என்பதையும் நான் அறிவேன். பழைய ‘ஏ’யை நம்பிய கோப்புகள் மூன்று வகையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, எவரை மாறச் சொல்வது? ஒருவருக்கு நீதி செய்தால் இருவர் கோப்புகள் உடையும். ஆகவே பிழையைத் திருத்த ஏற்ற காலம், அதனைப் பயன்படுத்துவோர் சிலராக இருக்கும் தொடக்க காலமே ஆகும். ஒன்றாம் வகுப்பில் எழுத்து கோணினால் அன்றே திருத்த வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

என் மாணவன் வந்து கோப்பைத் திருத்திக் கொடுத்தான். இணைப்பையும் தலைப்பையும் மடலுக்குள்ளேயே முறைப்படி அமைத்து, நாற்பதாண்டுகளாக மாறாத செண்ட்மெயில் கட்டளையின் ‘டி’, ‘ஐ’ என்னும் இரு குறிகளை மட்டும் நம்பி அதனை எழுதினான். “இனி எந்தக் கணினிக்குப் போனாலும் கவலை இல்லை ஐயா” என்றான். நானும் எனக்கென ஒரு விதி வைத்துக்கொண்டேன். அறுபத்தொருவருக்கு அனுப்புமுன் முதல் மடலை எனக்கே அனுப்பித் திறந்து பார்ப்பது அவ்விதி.

அவ்வம்மையாருக்கு அன்றே படிவத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்து, பேருந்து நிலையம்வரை சென்று வழியனுப்பினேன். “உன் கணினிக்கு இலக்கணம் தெரியவில்லையா தம்பி?” என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். “தெரியும் அக்கா, மூன்று இலக்கணம் தெரியும், அதுதான் தொல்லை” என்றேன். கருவி செய்வோர் தாம் இருக்கும் அறையில் உள்ளவரை மட்டும் எண்ணி எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவ்வெழுத்தோ அவர்கள் காணாத ஊர்களில், அவர்கள் அறியாத முதியவர்களின் வாயிலில் போய் நிற்கிறது. ஆகவே இலக்கணம் வகுப்போர் சற்றுத் தொலைவில் உள்ளோரையும் எண்ணிப் பார்த்து வகுப்பார்களாக.